உறங்கித் தீர்க்க முடியாத பசி: மலேசியக் காட்டுக் கரடி எப்படிப் பிழைக்கிறது?

செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கறுப்பாக ஏதோ நடந்துபோகும் காணொளி வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், அதே கேள்விகள் வரிசையாக வந்துவிடும். மலேசியாவில் கரடி இருக்கிறதா? மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பியதா? இது கரடியா, நாயா? இந்தக் குழப்பத்தில் தப்பே இல்லை. 2019 ஜூனில் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திய குட்டி ஒன்றை அதிகாரிகள் மீட்டார்கள். சாலையோரம் பார்த்தபோது அதை நாய்க்குட்டி என்றே நினைத்ததாக, வைத்திருந்தவர் சொன்னார். 2023இல் சீனாவின் ஹாங்சோ மிருகக்காட்சிசாலையோ, தங்களிடம் இருப்பது நிஜக் கரடிதான், வேடம் போட்ட மனிதர் இல்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. இரண்டும் ஒரே இனம்தான். நம் காட்டிலேயே பிறந்து வளரும் சூரியக் கரடி.

இது ஏன் காட்டை விட்டு வெளியே வருகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. அதைப் புரிந்துகொள்ள, காட்டுக்குள் அது என்ன சாப்பிடுகிறது, சாப்பாடு கிடைக்காத காலத்தில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், இது எந்தக் கரடி?

உலகத்தில் எட்டு வகைக் கரடிகள் உண்டு. பாண்டாவும் அதில் சேர்த்தி. எட்டிலும் சின்னது சூரியக் கரடி. எடை 25 முதல் 65 கிலோவுக்குள், அதாவது பெரிய ஆண் கரடிகூட நம்மில் ஒருவர் எடைதான் இருக்கும். மார்பில் மஞ்சளாகவோ வெளிர் ஆரஞ்சாகவோ ஒரு பிறை அல்லது வட்டம் இருக்கிறது, உதிக்கிற சூரியன் மாதிரி. மலாய்க்காரர்கள் 'பெருவாங் மாதாஹாரி' என்கிறார்கள், அதற்கும் சூரியக் கரடி என்றுதான் பொருள். இந்த அடையாளம் ஒவ்வொரு கரடிக்கும் ஒவ்வொரு மாதிரி. கேமராவில் விழுந்தது எந்தக் கரடி என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்ப்பதும் இதை வைத்துத்தான்.

பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதே விலங்குக்கு 'பெருவாங் மாடு' என்றும் பெயர் உண்டு, மாடு என்றால் மலாயில் தேன். ஆனால் தமிழ்நாட்டில் தேன் கரடி என்று சொல்வது முதுமலை, களக்காடு பக்கம் வாழும் சடைமுடிக் கரடியை. ஜாம்பவான் என்றதும் நம் மனசில் வரும் உருவமும் அந்தச் சடைமுடிக் கரடிதான். இரண்டும் வேறு வேறு இனம். நம்முடையதற்கு முடி ஒட்ட வெட்டிவிட்டது மாதிரி குட்டையாக இருக்கும், காதும் சின்னது. நாய் என்று தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

தீபகற்ப மலேசியா, சபா, சரவாக், சுமத்ரா, கலிமந்தான், தாய்லாந்து, மியன்மார் என்று பரவலாக வாழ்கிறது. இந்தியாவின் வடகிழக்கு மூலையிலும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற தித்திவங்சா மலைத்தொடரும் அதன் வீடுதான்.

குளிர்கால உறக்கம் எதற்கு?

கரடி என்றாலே குகைக்குள் போய் மாதக்கணக்கில் தூங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த உறக்கம் குளிரிலிருந்து தப்பிக்க என்று பலரும் நினைக்கிறார்கள். அடர்ந்த முடியும் கொழுப்பும் இருக்கிற விலங்குக்குக் குளிர் பெரிய பிரச்சினை இல்லை. பனி மூடிவிட்டால் பழமும் இல்லை, புல்லும் இல்லை, பூச்சியும் இல்லை, அதுதான் பிரச்சினை. ஆகவே வடக்கத்திக் கரடிகள் இலையுதிர்காலம் முழுக்கத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, உண்ணாமல், நீர் குடிக்காமல், சிறுநீர்கூடக் கழிக்காமல் பல மாதம் கிடக்கும். சிறுநீராகப் போக வேண்டிய யூரியாவை உடம்பே திரும்பப் புரதமாக மாற்றிக்கொள்வதால் தசை கரைவதும் குறைவு. பசி தீர வழியில்லாத காலத்தை உறங்கியே கடந்துவிடுகிற ஏற்பாடு அது.

நம் ஊரில் குளிர்காலமே கிடையாது. காட்டில் வருடம் முழுக்க ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே சூரியக் கரடிக்கு அந்த உறக்கமும் இல்லை, வடக்கத்திக் கரடி மாதிரி பருவம் பார்த்து ஏற்றிக்கொள்ளும் கொழுப்பும் இல்லை. வருடம் முழுக்கச் சாப்பாடு தேடி அலைய வேண்டும். சாதாரண வருடத்தில் இது நன்றாகவே ஓடுகிறது. காடு காய்க்காத வருடம் வந்தால்தான் சிக்கல், அதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

அன்றாடச் சாப்பாடும் அதற்கேற்ற உடம்பும்

இந்தக் கரடியின் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு விசித்திரத்துக்கும் பின்னால் ஒரு சாப்பாடு இருக்கிறது.

1. நாக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். மரப்பொந்துக்குள் விட்டுத் தேனை வழிக்கவும், கறையான் புற்றைப் பிளந்து உள்ளே இருப்பதை நக்கி எடுக்கவும் அது வேண்டும்.

2. நகங்கள் அரிவாள் மாதிரி வளைந்தவை, 10 சென்டிமீட்டர் வரை வளரும். பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும், அடியில் முடி கிடையாது, அதனால் வழுக்காது. நெட்டையான காட்டு மரத்தில் சரசரவென்று ஏறிவிடும்.

3. உடம்பைப் பார்த்தால் தாடையும் கோரைப்பற்களும் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும். உயிருள்ள மரத்தையே கடித்துப் பிய்க்க வேண்டியிருப்பதால் அப்படி.

மூன்றாவது கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. இப்போது பாட்டிலில் விலை உயர்த்தி விற்கிறார்களே கெலுலுட் தேன், அதைத் தருகிற கொசுத்தேனீ கெட்டியான மரத்தின் உள்ளே கூடு கட்டும், வெளியே ஒரு சின்னக் குழாய் வாசல் மட்டும்தான் தெரியும். மோப்பம் பிடித்து அந்த மரத்தில் ஏறி, பல்லாலும் நகத்தாலும் மரத்தைச் சிம்பு சிம்பாகப் பிய்த்து உள்ளே போகிறது கரடி. கூடு முழுக்க, தேன், மெழுகு, புழு எல்லாமே, அதற்குச் சாப்பாடு.

கறையான், எறும்பு, செத்த மரத்துக்குள் இருக்கிற வண்டுப் புழு, இதெல்லாம் அன்றாடச் சோறு மாதிரி. பழம் பழுத்த காலம் வந்தால் மற்றதை ஒதுக்கிவிட்டுப் பழத்தில் இறங்கிவிடும். காட்டுப் பலா வகைகள், நாவல் குடும்பத்து மரங்கள், டுரியான் என்று நீளமான பட்டியல் அது. அத்திப் பழம் தனி. மற்ற மரம் எல்லாம் ஒரே பருவத்தில் காய்த்து ஓய்ந்துவிட, அத்தி மட்டும் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று காட்டின் ஏதாவது ஒரு மூலையில் பழுத்துக்கொண்டே இருக்கும். பஞ்ச காலத்தில் கரடிக்குக் கடைசிக் கைகொடுப்பு அத்திதான்.

காடே காய்க்காத வருடங்கள்

மெராந்தி, கெருயிங், காப்பூர் என்று நாம் பலகைக் கடையில் கேட்கிற பெயர்கள் எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள், நம் தாழ்நிலக் காட்டின் உயரமான கூரை அவைதான். இந்தக் குடும்பத்து மரங்கள் வருடா வருடம் பூப்பதில்லை. 2 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் காலம்) வறட்சியை ஒட்டி, நூறு மைல் பரப்பில் இருக்கிற மரங்கள்கூட ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் காய்க்கும். காட்டிலுள்ள வேறு பல பழமரங்களும் அப்போதே சேர்ந்து காய்த்துத் தள்ளும். எல்லா விதையையும் எந்த விலங்கும் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும் என்பது இதற்கு அறிவியலாளர்கள் தரும் முக்கிய விளக்கம்.

மரத்துக்கு இது நல்ல உத்தி. கரடிக்கோ, ஒரு வருடம் கல்யாண விருந்து, அடுத்த சில வருடம் அரைவயிறு.

இந்த அரைவயிறு எவ்வளவு மோசமாகப் போகும் என்பதை நேரில் பார்த்துப் பதிவுசெய்தவர் பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த வோங் சியூ தே. சபாவின் டானும் பள்ளத்தாக்குப் பக்கம் கரடிகளுக்கு, இருக்கும் இடத்தை வானொலி அலையில் காட்டிக்கொடுக்கும் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார். 1999-2000இல் அங்கே பழமே இல்லாமல் போனது. அவர் பார்த்த கரடிகள் எலும்பும் தோலுமாக இருந்தன, சில செத்தும் போயின. தாடிப் பன்றிகளுக்கும் அதே கதி. சூரியக் கரடிக்கென்றே சண்டாக்கான் அருகே செப்பிலோக்கில் இயங்கும் காப்பகத்தை 2008இல் தொடங்கியவரும் இவரேதான். இந்தோனேசியப் பகுதியான கிழக்குக் கலிமந்தானில், 1997-98 எல் நினோ வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் பிறகு, காப்ரியெல்லா பிரெட்ரிக்சன் என்ற ஆய்வாளரும் பழமில்லாத காலத்தில் கரடிகள் பூச்சியை மட்டுமே நம்பிக் கிடந்ததைப் பதிவுசெய்திருக்கிறார்.

டானும் போன்ற காட்டில் மரம் அறுக்கிற ரம்பத்தின் சத்தமே இல்லாத பகுதிகள் உண்டு, அங்கேயும் பசி உண்டு. அதாவது பட்டினி மனிதன் கண்டுபிடித்தது இல்லை, கரடி இனம் ஆயிரக்கணக்கான வருடமாக அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. எப்படித் தாண்டியது? நடந்துதான். இந்தப் பள்ளத்தாக்கில் அத்தி இல்லையென்றால் அடுத்தது, அங்கேயும் இல்லையென்றால் மலைக்கு அந்தப் பக்கம். வோங் பின்தொடர்ந்த ஆண் கரடிகளின் நடமாட்டப் பரப்பு சராசரியாகச் சுமார் 15 சதுர கிலோமீட்டர். வடக்கத்திக் கரடி உறங்கித் தீர்க்கிற பசியை, நம் கரடி நடந்து தீர்க்கிறது. இந்த ஒரு விஷயம் மனசில் நின்றால் செய்தியில் வருகிற பாதிக்குமேல் தானாக விளங்கிவிடும்.

ஒரு தாய், ஒரு குட்டி

குட்டி போட இதற்குத் தனிப் பருவம் கிடையாது. பெரும்பாலும் ஒன்று, எப்போதாவது இரண்டு. பிறக்கும்போது எடை 300 கிராம் சுமார்தான், கண் திறந்திருக்காது, முடி இருக்காது. மரப்பொந்தில் வைத்து வளர்க்கிறது தாய். ஏறக்குறைய இரண்டு மூன்று வருடம் குட்டி தாயின் கூடவே திரியும், எந்தப் பழம் எந்தப் பக்கம், எந்த மரத்தில் கூடு, எதைக் கண்டால் ஓட வேண்டும் என்பதையெல்லாம் அந்த வருடங்களில்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு குட்டி வளர்ந்து தனியாகப் போகும்வரை அடுத்ததும் இல்லை. ஆகவே ஒரு பெண் கரடி செத்தால் அந்த இழப்பைக் காடு ஈடுகட்ட ரொம்ப வருடமாகும்.

புலி, சிறுத்தை, பெரிய மலைப்பாம்பு, இவைதான் காட்டில் இதற்கு எதிரி. கழுத்துத் தோல் தொளதொளவென்று இருப்பதால், புலி பின்னாலிருந்து கவ்வினாலும் கரடி அந்தத் தோலுக்குள்ளேயே திரும்பிக் கடிக்க முடியும் என்கிறார்கள்.

கரடி இல்லாவிட்டால் காட்டுக்கு என்ன?

தேனுக்காக அது பிய்த்த மரத்தில் ஒரு பொந்து மிச்சமாகிறது. இருவாட்சிப் பறவையால் தானாக மரத்தைக் குடைய முடியாது, ஏற்கெனவே இருக்கிற பொந்தில்தான் முட்டையிட வேண்டும். பறக்கும் அணிலுக்கும் அப்படியே. கரடி சாப்பிட்டு முடித்த இடம் அவற்றுக்கு வீடு. விழுங்கிய பழத்தின் விதையைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் கொண்டுபோய் எருவோடு போடுகிறது, கறையானுக்காகத் தோண்டித் தோண்டி மண்ணையும் கிளறிவிடுகிறது.

அப்படியானால் தோட்டத்துக்கு ஏன் வருகிறது?

இப்போது மேலே பார்த்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கலாம்.

1. பஞ்சத்தில் கரடி நடந்தாக வேண்டும். அதற்குக் காடு ஒன்றோடொன்று தொட்டிருக்க வேண்டும்.

2. தாழ்நிலக் காடுதான் பழம் அதிகம் உள்ள காடு. முதலில் ரப்பராகவும் பிறகு செம்பனையாகவும் மாறியதும் பெரும்பாலும் அதே தாழ்நிலம்தான். நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்கள் எல்லாம் ஒருகாலத்தில் இந்தக் காடு. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள், நிலத்தை என்ன செய்வது என்று முடிவு செய்தவர்கள் இல்லை. இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

3. மிஞ்சிய காட்டுத் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே தோட்டமும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. பசியோடு கிளம்பிய கரடி முதலில் வந்து நிற்கிற இடம் செம்பனை வரிசை.

4. செம்பனைப் பழத்தில் எண்ணெய்ச் சத்து அதிகம், வருடம் முழுக்கக் காய்க்கும், மரமும் குட்டை. பட்டினியாக இருக்கிற விலங்கு அதைத் தின்னாமல் போகாது.

ஆனாலும் அது தோட்டத்தில் குடியிருக்க வருவதில்லை. சபாவில் செய்த ஆய்வுகளில் தெரிந்தது, கரடிகள் காட்டோரத்தை ஒட்டிய வரிசைகளுக்குள்தான் வருகின்றன, இரவில் வந்து தின்றுவிட்டுப் பகலில் காட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. மனிதத் தொந்தரவு இல்லாத காட்டில் பகலில் திரிகிற விலங்கு, நமக்குப் பயந்து தன் நேரத்தையே மாற்றிக்கொள்கிறது. தோட்டத்துக்கு ஏற்படுகிற சேதத்திலும் குரங்கு, பன்றி, எலியோடு ஒப்பிட்டால் கரடியின் பங்கு சிறியது.

சாலைக்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. தீபகற்பத்தின் நடுமுதுகுக் காடுகளை மறுபடி இணைக்க 'மத்திய வனத் தொடர்' என்ற திட்டம் வகுத்து, பகாங்கின் சுங்கை யூ, பேராக்கின் கிரிக், திரெங்கானுவின் கெஞ்ஞிர் பகுதிகளில் விலங்குகள் அடியில் கடந்துபோக உயர்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். யானைக்கும் புலிக்கும் என்று யோசித்ததுதான், கரடிக்கும் உதவும். ஆனால் பாலத்தின் இரண்டு பக்கத்திலும் காடு நிற்க வேண்டும், ஒரு பக்கம் வெட்டிவிட்டால் பாலத்தால் பயனில்லை.

கண்ணி, பித்தப்பை, வீட்டுக் குட்டி

காடு சுருங்குவதை விடவும் சீக்கிரம் கொல்வது கம்பிக் கண்ணி. பன்றிக்கோ மானுக்கோ வைத்த கண்ணி ஆளைப் பார்த்து மாட்டுவதில்லை. கரடி கால் மாட்டினால் இழுத்து இழுத்து, பாதமே போன நிலையில்தான் பல கரடிகள் மீட்கப்படுகின்றன. ஏறவும் தோண்டவும் பிய்க்கவும் முன்கால்தான் எல்லாம், அது போனபின் காட்டில் எப்படிச் சாப்பிடும்?

பித்தப்பைக்காகவே வேட்டையாடுகிறவர்களும் உண்டு. 2012இல் மலேசியா முழுவதும் பாரம்பரிய மருந்துக் கடைகளில் நடத்திய கணக்கெடுப்பில், பார்த்த 365 கடைகளில் ஏறக்குறைய பாதி, கரடிப் பித்தமோ அது சேர்ந்த பொருளோ விற்பதாகச் சொல்லின. பித்தத்தில் மருந்துக் குணம் உள்ள பொருள் எதுவும் கிடையாதா என்றால், உண்டு. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்று பெயர், கல்லீரல் நோய்க்கு மருத்துவர்களே எழுதிக் கொடுப்பது. ஆனால் அதைப் பல பத்தாண்டுகளாகக் கரடியே இல்லாமல் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள், மருந்தகத்தில் மாத்திரையாகவே கிடைக்கிறது. இதற்காக ஒரு காட்டு விலங்கைக் கொல்ல எந்தத் தேவையும் இல்லை.

மூன்றாவது, குட்டி வளர்ப்பு. இது பழைய பழக்கம். 1821இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்டாம்போர்டு ராபிள்ஸே சுமத்ராவில் ஒரு குட்டியைத் தன் பிள்ளைகளோடு வளர்த்தவர், மங்குஸ்தீன் என்றால் அதற்கு உயிராம். குட்டியாக இருக்கும்போது இவை ரொம்பப் பாசமானவை என்பதை மறுக்க முடியாது. செப்பிலோக் காப்பகத்தில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, விளையாடும்போது ஒரு கரடி வாயைத் திறக்கும் விதத்தை எதிரில் இருக்கும் கரடி அப்படியே திருப்பிச் செய்வதைக் கண்டது. மனிதரிலும் கொரில்லாவிலும் பார்த்த நுணுக்கம் அது, காட்டில் தனியாகத் திரிகிற ஒரு விலங்கிடம்.

ஆனால் விலைக்கு வருகிற குட்டிக்குப் பின்னால் அநேகமாக எப்போதும் ஒரு செத்த தாய் இருக்கிறது, ஏனென்றால் உயிரோடு இருக்கிற தாய் குட்டியை விட்டுக்கொடுக்காது. வீட்டில் சோறும் பாலும் தின்று வளர்ந்த குட்டிக்கு அத்தி மரம் எது, கறையான் புற்று எது என்று தெரியாது. ஒரு வருடத்தில் அது வீட்டில் வைக்க முடியாத பலத்துக்கு வளர்ந்துவிடும், பிறகு கூண்டுதான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது முழுப் பாதுகாப்புப் பெற்ற இனம், வேட்டையாடினாலும் வீட்டில் வைத்திருந்தாலும் அபராதம், சிறை இரண்டும் வரலாம். 2022இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். சபாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பாதுகாப்புத் தருகிறது. அனைத்துலக அளவில் வணிகமே தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது, அழியக்கூடிய இனம் என்றும் வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

நேரில் பார்த்துவிட்டால்

இது மனிதரைத் தேடி வந்து தாக்கும் விலங்கு இல்லை. பெரும்பாலான தாக்குதல்கள் திடீரென்று மிக நெருக்கத்தில் எதிர்ப்பட்டதாலோ, குட்டி கூட இருந்ததாலோ நடப்பவை. ஆனாலும் அந்தப் பல்லும் நகமும் விளையாட்டுப் பொருள் அல்ல, ஆகவே:

1. ஓடாதீர்கள். கரடியைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகருங்கள். அது இரண்டு காலில் எழுந்து நின்றால் பெரும்பாலும் மோப்பம் பிடிக்கவும் சரியாகப் பார்க்கவும்தான்.

2. மரத்தில் ஏறாதீர்கள். உங்களைவிட நன்றாக ஏறும்.

3. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் விடியற்காலையில் காட்டோர வரிசைக்குப் போகும்போது பேசிக்கொண்டோ சத்தம் கொடுத்துக்கொண்டோ போங்கள். நீங்கள் வருவது தெரிந்தால் அதுவே விலகிவிடும். நாயை ஏவிவிடாதீர்கள்.

4. வீட்டுப் பக்கம் வந்தால் கூட்டம் கூடி வழியை அடைக்காமல், அது திரும்பிப் போக இடம் விட்டு, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லுங்கள். 999க்கு அழைத்தாலும் உரியவர்களிடம் தெரிவிப்பார்கள்.

5. தனியாகக் கிடக்கிற குட்டியைப் பார்த்தால் தூக்காதீர்கள், பால் கொடுக்காதீர்கள். தாய் பக்கத்து மரத்தின் மேலேயே இருக்கலாம், நாம் போனபின் இறங்கி வரலாம். தள்ளி நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு இலாகாவை அழையுங்கள், அவர்கள் வரும்வரை மற்றவர்களையும் கிட்டே விடாதீர்கள்.